நாலு சில்லும் எப்போது இழுக்க வேண்டும்?

 

புரட்டாசி பிறந்துவிட்டது. புழுதி விதைப்புக்கு உழவு தொடங்கிய இடங்களில் விடிய முதலே இயந்திரச் சத்தம் கேட்கிறது. இந்த நேரத்தில், இயந்திரத்தில் இருக்கும் ஒரு சின்ன லீவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். இயந்திரம் வைத்திருப்பவர், ஹயருக்கு ஓடுபவர், வயலுக்குக் கூப்பிடுபவர் என்று மூன்று பகுதியினரும் வாசிக்க வேண்டிய விசயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

"சோனகத் தெரு ஆளுக்கு உழவில் என்ன கதை?" என்று சிலர் கேட்கக்கூடும். 1990 இல் எங்கள் ஆக்கள் வெறுங்கையோடு புத்தளம் போய்ச் சேர்ந்த பிறகு, பலருக்குச் சோறு போட்டது கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டக் கூலிதான். நான் வளர்ந்தது அந்த மணலில். மணலில் புதைந்த இயந்திரத்தை வெளியே எடுப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். இன்றைக்கு ஊர் திரும்பி, கலாசாலையில் படித்து, பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உராய்வு என்ற பாடத்துக்கு உழவு இயந்திரத்தை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். நம் ஊரில் லாண்ட்மாஸ்டரை "டூ வீல்" என்போம், பெரிய இயந்திரத்தை "போர் வீல்" என்போம். இது சில்லை எண்ணி வைத்த பெயர். நாலு சில்லு இருக்கும் இயந்திரம் எல்லாம் நாலு சில்லாலும் இழுப்பதில்லை. நம் ஒழுங்கைகளில் இன்னமும் ஓடும் பழைய மசே பெர்குசன்களில் அநேகமானவை பின் சில்லு இரண்டால் மட்டும் இழுப்பவை. முன் சில்லு திருப்புவதற்கு மட்டும்தான். வித்தியாசம் பார்ப்பது லேசு. முன் டயரில் நீளவாக்கில் வரி ஓடினால் அது பின் சில்லு இழுவை. முன் டயரிலும் பின் டயரைப் போல அம்புக்குறி வடிவப் பற்கள் இருந்து, கியர் பொக்ஸில் இருந்து முன் அச்சுக்கு ஒரு தண்டு போனால் அதுதான் போர் வீல் ட்ரைவ். அதைப் போட்டு எடுக்கும் லீவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த லீவர் சில்லு சறுக்கும் நிலத்தில் சறுக்கலைக் குறைப்பதற்கு. சறுக்காத இடத்தில் போட்டால் இயந்திரத்துக்குக் கேடு. போகக்கூடாத இடத்துக்குப் போவதற்காகப் போட்டால் நிலத்துக்குக் கேடு, சில நேரம் உயிருக்கும் கேடு.

ஏன் எப்போதும் போட்டு வைக்கக்கூடாது?

"காசு குடுத்து வாங்கினதை ஏன் சேர் கழட்டி வைக்கோணும்? போட்டபடி ஓடினா என்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி.

போர் வீல் ட்ரைவ் உழவு இயந்திரத்தில் முன் சில்லு சின்னது, பின் சில்லு பெரிது. இரண்டையும் ஒரே தண்டு இணைக்கிறது. நிலத்தோடு ஒப்பிட்டால் முன் சில்லு பின் சில்லை விடக் கொஞ்சம் வேகமாக ஓடும்படிதான் பற்சில்லுகளைக் கணக்குப் போட்டுச் செய்திருப்பார்கள். இயந்திரத்தைப் பொறுத்து அது 1 முதல் 5 வீதம் வரை இருக்கும். வயலில் இது நல்லது. முன் சில்லு எப்போதும் முன்னே இழுத்துக்கொண்டே இருக்கும், கூடுதல் வேகம் மண்ணில் சறுக்கித் தீர்ந்துவிடும்.

தார் வீதியில் அது தீர இடமில்லை. 3 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவகச்சேரியில் இருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 15 கிலோமீற்றர். போட்டபடி ஓடினால் முன் சில்லு கிட்டத்தட்ட 450 மீற்றர் கூடுதலாக ஓடப் பார்க்கிறது. அந்த 450 மீற்றரும் டயர் தேய்ந்துதான் போக வேண்டும். டயர் தேயாவிட்டால் தண்டும் பற்சில்லும் முறுக்குண்டு நிற்கும். லீவர் இறுகிக் கழற்ற முடியாமல் நிற்பதும், திருப்பும்போது ஸ்டியரிங் கல்லாகக் கனப்பதும் இந்த முறுக்கத்தால்தான். (அப்படி இறுகினால் அடித்துக் கழற்றாதீர்கள். கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள், முறுக்கம் விட்டு லீவர் இலகுவாக வரும்.)

"ஜீப்பில் நாலு சில்லும் இழுக்குதே, அது தார் றோட்டில்தானே ஓடுது?" என்று அடுத்த கேள்வி வரும். அப்படி எந்நேரமும் நாலு சில்லும் இழுக்கும் ஜீப்புகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இன்னொரு டிஃபரன்ஷல் இருக்கும். இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் ஓட அது விட்டுக்கொடுக்கும். உழவு இயந்திரத்தில் அது இல்லை.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. மசே பெர்குசன் என்ற பெயரில் உள்ள ஹரி பெர்குசன்தான் கலப்பையை மூன்று புள்ளியில் இயந்திரத்தோடு இணைக்கும் முறையை உலகத்துக்குக் கொடுத்தவர். கலப்பை மண்ணில் இழுபடும் பாரத்தை அந்த இணைப்பு பின் சில்லின் மேல் ஏற்றிவிடும். பாரம் ஏறினால் பிடிமானம் கூடும். பின் சில்லு இரண்டால் மட்டும் இழுக்கும் சின்ன மசே அவ்வளவு வேலை செய்வதன் இரகசியம் அதுதான். அதே மனிதர் கடைசிக் காலத்தில் கார்களுக்கு நாலு சில்லு இழுவை செய்வதில் இறங்கினார். அவர் 1960 இல் மறைந்த பிறகு, 1966 இல் ஜென்சன் என்ற பிரித்தானியக் காரில் அவர் முறை விற்பனைக்கு வந்தது. அதில் நடு டிஃபரன்ஷல் வைத்திருந்தார்கள். வீதிக்கு அது வேண்டும், வயலுக்கு வேண்டாம். இரண்டையும் தெரிந்த ஆள் செய்த வித்தியாசத்தை நாம் மறந்து ஓட்டக்கூடாது.

டீசலையும் மறக்க வேண்டாம். 2022 ஆனியில் லீற்றர் 460 ரூபாய்க்கு, அதுவும் வரிசையில் நின்று அடித்த டீசல் நினைவிருக்கிறதா? தேவையில்லாமல் முன் அச்சைச் சுற்ற வைப்பதும் டீசல்தான்.

எங்கே போட வேண்டும்?

யாழ்ப்பாணம் சின்ன இடம். ஆனால் மண் ஒரே மண் இல்லை.

வலிகாமத்துச் செம்மண்ணை எடுங்கள். கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய், சுன்னாகம். மழை பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். கொஞ்ச ஆழத்திலேயே சுண்ணக்கல். அங்கே வேலையில் பெரும்பகுதி ரொட்டவேட்டர். ரொட்டவேட்டரின் கத்தி சுற்றும்போது அதுவே இயந்திரத்தை முன்னுக்குத் தள்ளும், இயந்திரம் இழுக்க வேண்டியது மிகக் குறைவு. காய்ந்த செம்மண்ணில் ரொட்டவேட்டருக்குப் போர் வீல் போடுவது, நடக்கத் தெரிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. அதோடு நம் துண்டுகள் சின்னன். நாலைந்து பரப்புக்குள் எத்தனை தரம் திருப்புகிறோம்? ஒவ்வொரு திருப்பத்திலும் முன் சில்லு மண்ணைக் கிழிக்கும், திருப்பும் வட்டமும் பெரிதாகும். கொழுக் கலப்பையோ தட்டுக் கலப்பையோ ஆழமாக இழுத்து உழும்போது சில்லு சுற்றினால் போடுங்கள். ஆனால் கல் இருக்கும் நிலம் என்று தெரிந்தால் கவனம். கலப்பை கல்லில் மாட்டும்போது சில்லு சறுக்குவது ஒரு பியூஸ் மாதிரி. நாலு சில்லும் இறுக்கிப் பிடித்தால் அந்த அடி முழுவதும் கியர் பொக்ஸுக்கும் கலப்பைக்கும்தான் போகும்.

வடமராட்சி கிழக்கு வேறு உலகம். அம்பன், குடத்தனை, மருதங்கேணி மணலில் பெட்டியோடு போகிறவருக்குப் போர் வீல் பெரும் உதவி. அங்கே பலரும் விடும் தவறு, புதைந்த பிறகு லீவரைத் தேடுவது. பின் சில்லு குழி தோண்டி அச்சு மண்ணில் இருந்த பிறகு போட்டுப் பெரிய பலனில்லை. மணலுக்குள் இறங்க முதலே நிறுத்தி, கிளச்சை அமத்திப் போட்டு, சின்னக் கியரில் ஒரே சீராகப் போக வேண்டும்.

தென்மராட்சி வயல்கள், வழுக்கையாற்றுப் பக்கம், கடல்நீரேரியை ஒட்டிய தரவைகள் மூன்றாவது வகை. மேலே காய்ந்திருக்கும், கீழே களி. அங்கே ஈரம் கொஞ்சம் கூடிய நேரத்தில் கலப்பை இழுக்கப் போர் வீல் தேவைப்படும்.

இவற்றோடு இன்னும் இரண்டு இடங்கள். ஒன்று, முன்னால் வாளி பூட்டி மண்ணோ எருவோ அள்ளும் வேலை. பாரம் முழுவதும் முன் அச்சில் இருக்கும்போது பின் சில்லு இலேசாகி வழுக்கும். மற்றது, கிரவல் சாய்வு, குளக்கட்டு, பாலத்தடிச் சரிவு போன்றவற்றில் பாரத்தோடு இறங்குவது. பல இயந்திரங்களில் பிரேக் பின் சில்லுக்கு மட்டும்தான். போர் வீல் போட்டிருந்தால் தண்டு வழியாக முன் சில்லும் சேர்ந்து பிடிக்கும். இது கன பேருக்குத் தெரியாத பயன். (வீதியில் ஓடும்போது இடது, வலது பிரேக் மிதி இரண்டையும் கொளுவிப் பூட்டத் தவறாதீர்கள். ஒன்று மட்டும் மிதிபட்டால் இயந்திரம் ஒரு பக்கம் சுழன்று கவிழும்.)

"சறுக்குதா இல்லையா என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால், வகுப்பில் செய்வது போல அளக்கலாம். பின் டயரில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு சில்லு 10 சுற்றுச் சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று அளவுங்கள். 40 மீற்றர் என்று வைப்போம். பிறகு அதே நிலத்தில் கலப்பையை இறக்கி உழுதபடி 10 சுற்று. 34 மீற்றர்தான் போனது என்றால் சறுக்கல் 15 வீதம். 10 வீதத்துக்குக் கீழே என்றால் லீவரைத் தொட வேண்டாம். 15 ஐத் தாண்டினால் போடுங்கள். போட்ட பிறகும் 15 க்கு மேலேயே நின்றால் கலப்பையின் ஆழத்தைக் குறையுங்கள் அல்லது நிலம் காயும் வரை வீட்டுக்குப் போங்கள். பத்து நிமிச வேலை. ஒரு போகத்துக்கு ஒரு தரம் செய்தாலே கண்ணுக்குப் பழகிவிடும்.

டயர் மாற்றும்போது

எங்கள் பக்கத்தில் ஒரு நாநா முன் டயர் இரண்டும் தேய்ந்ததென்று, அளவு கிட்டத்தட்டச் சரி என்று யாரோ சொன்ன பழைய டயரைப் போட்டார். "கிட்டத்தட்ட" என்ற சொல்தான் அந்த வருசம் அவருடைய முன் அச்சைத் தின்றது. முன் சில்லின் சுற்றளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நான் மேலே சொன்ன அந்த 1 முதல் 5 வீதக் கணக்குக் குழம்பிவிடும். கணக்குத் தலைகீழானால் முன் சில்லு இழுக்காமல் பிரேக் பிடித்துக்கொண்டு வரும். புத்தகத்தில் எழுதிய அளவு, அதே அளவு மட்டும். காற்றும் அப்படித்தான். பின்னால் முட்ட அடித்து முன்னால் அரைவாசி விட்டாலும் அதே கேடு. போர் வீல் இல்லாத மசேயில் இது இவ்வளவு பெரிய விசயம் இல்லை, அதனால்தான் அந்தப் பழக்கத்தில் புது இயந்திரத்தையும் கெடுக்கிறோம்.

போய்விடலாம் என்பதற்காகப் போகாதீர்கள்

இதுதான் எனக்குக் கூடுதலாக மனதை உறுத்தும் விசயம்.

பின் சில்லு மட்டும் இழுக்கும் இயந்திரம் ஈர வயலில் ஓரிடத்தில் நின்றுவிடும். அது ஒரு வகையில் நிலம் சொல்லும் "இப்ப வராதை" என்ற சொல். போர் வீல் போட்டவர் அந்தச் சொல்லைக் கேட்காமல் உள்ளே போய்விடுகிறார். தையில் அறுவடை நேரம் பின்மழை பெய்தால் பாருங்கள். நெல் மூட்டை ஏற்றப் பெட்டியோடு வயலுக்குள் இறங்கி, முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழ வெளியே வருவார்கள். இயந்திரம் வந்துவிட்டது, எல்லாருக்கும் சந்தோசம். கணக்கு அடுத்த வருசம் வரும். அந்தத் தடத்தில் மண் இறுகிக் கல்லாகி, தண்ணீர் கீழே இறங்காமல் நின்று, பயிர் மஞ்சளாகும். வானம் பார்த்து ஒரு போகம் மட்டும் விதைக்கும் நமக்கு மண் ஒன்றுதான் முதல்.

ஒரு சின்னச் சோதனை. உழும் ஆழத்தில் இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டுங்கள். இடியப்ப மா போலத் திரிந்து மெல்லிய புழுவாக நீண்டால் பதம் வரவில்லை, கூடுதல் ஈரம். உதிர்ந்தால் இறங்கலாம். அவசரம் என்றால் பெட்டியை வரம்புக்கு வெளியே கெட்டி நிலத்தில் நிறுத்தி மூட்டையைச் சுமந்து வாருங்கள், அல்லது லாண்ட்மாஸ்டரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். உள்ளே போயே ஆக வேண்டும் என்றால் போன தடத்திலேயே திரும்பி வாருங்கள். மண்ணை இறுக்கும் கேட்டில் பெரும்பகுதி முதல் தரம் போகும்போதே நடந்துவிடும், வயல் முழுக்கப் புதுத் தடம் போடாதீர்கள்.

இதில் ஹயருக்கு ஓடும் தம்பிமாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. "நீ வராட்டி வேற ஆளைக் கூப்பிடுறன்" என்று வயல்காரர் சொன்னால் அவர் என்ன செய்வார்? புதைந்தால் திட்டு அவருக்கு. கியர் பொக்ஸ் உடைந்தால் முதலாளியிடம் வேலை போவதும் அவருக்கு. மண் பதம் வரும் வரை பொறுப்பது வயல்காரரின் கடமை. பொறுக்கச் சொல்லும் ட்ரைவர் சோம்பேறி இல்லை, உங்கள் நிலத்துக்காகத் தன் ஒரு நாள் ஹயரை விடுபவர்.

புதைந்தால் ஒரு விசயம் கட்டாயம். சில்லுக்குக் குறுக்கே மரக்கட்டை கட்டி முன்னுக்கு எடுக்காதீர்கள். கயிற்றை மேல் இணைப்பில் கட்டி இழுக்காதீர்கள். பின் சில்லு சுற்ற முடியாமல் பிடிபட்டால் இயந்திரத்தின் முகம் வானத்துக்கு எழும்பும். ட்ரைவர் சுதாரிக்க முதல் அவர் மேலேயே கவிழ்ந்துவிடும், அதற்கு இரண்டு செக்கன் கூடத் தேவையில்லை. பாரத்தைக் கழற்றி, மண்ணை வெட்டி, பின்னுக்கு எடுங்கள்.

வெள்ளம்

2024 கார்த்திகை, நவம்பர் 26. காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரசாப் பிள்ளைகளை வீட்டுக்கு ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது. பிள்ளைகள் பலரை இழந்தோம். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அந்தக் கிழமை யாழ்ப்பாணத்திலும் வெள்ளம்தான். இங்கும் ஆக்களை ஏற்றி இறக்க முதலில் கூப்பிட்டது உழவு இயந்திரத்தைத்தான்.

யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இயந்திரத்தில் எத்தனை சில்லு இழுக்கிறது என்பதற்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல எழுதுகிறேன். பிடிமானம் பாரத்தால் வருவது. தண்ணீர் அந்தப் பாரத்தைத் தூக்கிவிடும். 12 அடி நீளம், 6 அடி அகலமான பெட்டி தண்ணீரில் அரை அடி அமிழ்ந்தால் 36 கன அடித் தண்ணீரை ஒதுக்குகிறது. ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோவுக்கு மேல். கணக்குப் பாருங்கள், ஒரு தொன் அளவில் பாரம் குறைந்துவிடும். பெட்டி ஒழுகும், அதனால் முழுவதும் அப்படியே வராது என்று வைத்தாலும், காற்றடைத்த டயர்களும் சேர்ந்து தூக்கும். கீழிருந்து தூக்கமும் பக்கத்தில் இருந்து ஓட்டமும் சேர்ந்தால் நாலு சில்லும் சுற்றும், இயந்திரம் தண்ணீர் போகும் பக்கம் போகும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது இயந்திரத்தின் சில்லுக்கும் பொருந்தும். தண்ணீர் ஓடுகிறது, வீதியின் விளிம்பு தெரியவில்லை என்றால் இறங்காதீர்கள். பெட்டியில் பிள்ளைகள் இருந்தால் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

வாங்க யோசிப்பவர்களுக்கு

வேலையில் பெரும்பகுதி செம்மண் ரொட்டவேட்டரும் வீதியில் பெட்டி இழுப்பதும் என்றால், பின் சில்லு இழுவையே போதும். மிச்சக் காசை நல்ல டயருக்கும் பெட்டிக்குப் பிரேக், லைட்டுக்கும் போடுங்கள். மணல், தரவை, வாளி வேலை என்றால் போர் வீலுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார் என்பது ஒரு காரணம் இல்லை.

போர் முடிந்த பிறகு இந்திய அரசு வடக்கின் கமநல சேவை நிலையங்களுக்கு 500 உழவு இயந்திரங்கள் தந்தது. அதற்குப் பிறகு சொந்தக் காசிலும் லீசிங்கிலும் எத்தனையோ வந்துவிட்டன. இயந்திரம் வருவது பாதி வேலை, ஓட்டுகிறவருக்கு விளக்கம் மறுபாதி. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் உழவுக்கு முதல் ஒரு சனிக்கிழமை, அனுபவமுள்ள ஒரு ட்ரைவரையும் ஒரு மெக்கானிக்கையும் கூப்பிட்டு இரண்டு மணித்தியாலம் இதைப் பேசினால் போதும். எந்தப் பாடசாலை மைதானத்திலும் செய்யலாம். சோக்கும் அளவு நாடாவும் நான் கொண்டு வருகிறேன்.

பெற்றோருக்கும் ஒன்று. 18 வயது நிரம்பாத, லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் "சும்மா வயலுக்குள்ளதானே" என்று இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள். லீவர் போடத் தெரிவது ஓட்டத் தெரிவது அல்ல. எப்போது போடக்கூடாது என்று தெரிந்த பிறகுதான் அவன் ட்ரைவர்.

இந்த மழை எல்லாருடைய வயலுக்கும் பரக்கத்தாக அமையட்டும். உங்கள் வீட்டு ட்ரைவர் தம்பிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.